பூங்காப் பராமரிப்பும் பொது நிகழ்ச்சிகளும்: புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு ஒரு விரிவான பதில்

நகரியம் ஒன்றின் பூங்கா, பொழுதுபோக்குக் குழுவின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: மூன்று பூங்காக்களும் ஒரு விளையாட்டுத்திடலும் குழுவின் வசம் உள்ளன, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் நடக்கின்றன, இன்னும் கூடுதலாக நடத்த வேண்டும் என்று குடியிருப்போரில் ஒரு தரப்பினரும், பூங்காவை அமைதியாக இருக்க விட வேண்டும் என்று மற்றொரு தரப்பினரும் வற்புறுத்துகிறார்கள், ஆண்டு விழா மழைக்காலம் முடியும் தறுவாயில் பெரிய புல்தரையில் நடப்பது வழக்கம். வேலையை எங்கே தொடங்குவது, இரு தரப்பினரையும் எப்படி அணுகுவது, இந்த ஆண்டு விழாவையும் புல்தரையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பல ஆண்டுகள் பூங்காப் பராமரிப்பில் இருந்துவிட்டு, பிறகு நிகழ்ச்சி ஏற்பாட்டுக்கும் வந்தவன் என்ற முறையில், நான் உறுதியாக நம்புவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்கா அன்றாடப் பயனுக்கு உரியது. நிகழ்ச்சி அந்தப் பூங்காவைச் சில மணி நேரத்துக்குக் கடன் வாங்குகிறது. வாங்கியவர் வாங்கிய நிலையிலேயே அதைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடனைக் கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம், எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில், அந்தப் பூங்காவை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் தோட்டப் பணியாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் பராமரிப்பு ஒருவர் கையிலும் நிகழ்ச்சிகள் வேறொருவர் கையிலும் இருப்பதால், அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் தோட்டப் பணியாளருக்குச் செய்தி போகிறது. நான் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி இந்தப் பிளவிலிருந்து கிளம்பியவையே. இரு தரப்பினரில் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். பூசலில் பாதி அங்கேயே அடங்கும்.

உலகமே அறிந்த ஒரு பூங்காவின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970களில் மிக மோசமாகச் சீரழிந்திருந்தது. அதன் பெரிய புல்வெளிகளில் ஒன்றான ஷீப் மெடோ, இசை நிகழ்ச்சிகளும் பெருங்கூட்டங்களும் மிதித்து மிதித்துப் புழுதிக்காடாகிவிட்டது. 1980இல் பூங்காவைப் பேணுவதற்கென ஓர் அமைப்பு உருவான பிறகு அந்தப் புல்வெளி மீட்கப்பட்டு, அமைதியாக உட்காரவும் படுக்கவும் மட்டும் உரிய இடமாக ஒதுக்கப்பட்டது. பின்னர் 1990களில் பூங்கா முழுவதும் 49 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே ஒரு தோட்டப் பணியாளர் பொறுப்பாக்கப்பட்டார். பணியாளர்கள் கூட்டமாக வந்து ஓரிடத்தை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும் பழைய முறையில், எந்த மூலைக்கும் உரியவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. மண்டல முறையில், ஒரு குழாய் கசிந்தாலும் ஒரு கிளை காய்ந்தாலும் யாரைக் கேட்பது என்பது தெளிவாகிவிட்டது. மூன்றே பூங்காக்கள் உள்ள உங்கள் நகரியத்திலும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு பூங்காவுக்கும் பெயர் சொல்லி ஒரு பணியாளரைப் பொறுப்பாக்குங்கள். அவருடைய பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். வருவோர் அவரிடம் நேரில் பேசட்டும்.

பொறுப்பேற்றவுடன் எதையும் மாற்ற வேண்டாம் என்பது என் அடுத்த வேண்டுகோள். முதல் சில வாரங்கள் எண்ணிப் பாருங்கள். அதிகாலை, நண்பகல், மாலை, இருட்டிய பிறகு என நான்கு வேளைகளில், வார நாட்களில் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றுமாக, ஒவ்வொரு பூங்காவிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன வயதினர், தனியாகவா குடும்பத்தோடா, நடக்கிறார்களா உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1970களில் நியூயார்க்கின் சிறு பொதுவெளிகளைப் படக்கருவி வைத்து ஆராய்ந்த வில்லியம் வைட், மக்கள் உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்ற மிக எளிய உண்மையைக் கண்டறிந்து சொன்னார். சொல்லப்போனால் அந்த எளிய உண்மையைத்தான் அதுவரை வடிவமைப்பாளர்கள் கவனிக்கத் தவறியிருந்தார்கள். ஓர் இடத்தில் பெண்களின் விகிதம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று பொருள் என்பதும் அவர் கவனித்ததே. உங்கள் கணக்கில் மாலை ஆறரைக்குப் பிறகு பெண்களும் முதியவர்களும் ஒரு பூங்காவிலிருந்து மறைந்துவிட்டால், அங்கே புதிய நிகழ்ச்சி எதுவும் தேவையில்லை. விளக்கும், தாழ்ந்து கிடக்கும் கிளைகளைக் கழிப்பதும், நுழைவாயிலிலிருந்து உள்பகுதி தெரியும்படி புதர்களைக் குறைப்பதுமே தேவை. தனியே இருக்கும் ஒரு பெஞ்சில் யாரும் உட்காரவில்லை என்றால் அதற்கு நிழல் இருக்கிறதா, அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். மனிதர்களும் நடமாட்டமும் கண்ணில் படாத பெஞ்சுகள் எல்லா ஊர்களிலும் காலியாகவே கிடக்கின்றன.

இந்தக் கணக்கு இன்னொரு விதத்திலும் பயன்படும். நிகழ்ச்சிகளைக் கூட்டச் சொல்பவர்களும் குறைக்கச் சொல்பவர்களும் கூட்டத்தில் பேசும்போது, இருவருமே பூங்காவுக்கு வருவோரில் ஒரு சிறு பகுதியினர்தாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் வந்து நடந்துவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை உங்கள் தாளில் இருக்கும். கூட்டத்தில் அவர்களுக்காகப் பேசுவது அந்தத் தாள் மட்டுமே.

அடுத்தது இருப்புப் பதிவேடு. மரங்கள், விளையாட்டுக் கருவிகள், நடைபாதைகள், விளக்குகள், குழாய்கள், கழிவறைகள், வேலிகள் ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். ஒவ்வொன்றின் நிலையும், கடைசியாகப் பழுது பார்த்த நாளும் எழுதப்பட வேண்டும். இவற்றில் குழந்தைகளின் விளையாட்டுக் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பூங்காவில் கவனக்குறைவுக்குக் குழந்தைகள் விலை கொடுக்கும் இடம் அது.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஈ.என். 1176 தரநிலை, ஆய்வை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. உடைந்த கண்ணாடி, தளர்ந்த சங்கிலி, பிய்ந்த பலகை போன்றவற்றைக் கண்ணால் பார்க்கும் வழக்கமான ஆய்வு முதலாவது; கூட்டம் மிகுந்த திடலில் இது நாள்தோறும் தேவைப்படும். தேய்மானத்தையும் உறுதியையும் சோதிக்கும் ஆய்வு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நடக்க வேண்டும். அடித்தளம், துரு, தரைப்பரப்பு ஆகியவற்றையும் சேர்த்துத் தகுதி உள்ளவர் செய்யும் முழு ஆய்வு ஆண்டுக்கு ஒரு முறை. இந்த மூன்றையும் தேதியிட்டுக் கையெழுத்துடன் எழுதி வைப்பது, விபத்து நேராமல் காப்பதற்கும், நேர்ந்துவிட்டால் எங்கே தவறினோம் என்று நேர்மையாகக் கண்டறிவதற்கும் உதவும்.

ஆய்வின்போது அளவுகோலும் கையில் இருக்கட்டும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, கருவியின் எந்த இடைவெளியும் சுமார் 89 மில்லிமீட்டருக்கும் 229 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கக் கூடாது என்கிறது. அந்த அளவுள்ள சந்தில் குழந்தையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். நிலையான கருவிகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 1.8 மீட்டர் வெற்றிடம் வேண்டும். ஊஞ்சலுக்கு, அது தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் முன்னும் பின்னும் வேண்டும். கீழே உள்ள தரையைப் பற்றித்தான் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. மணல் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதே கையேட்டின்படி, சுமார் 23 சென்டிமீட்டர் ஆழ மணல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தையைத்தான் காக்கும். அதே ஆழத்துக்கு மரச்சில்லு இருந்தால் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் வரை காக்கும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு மரத்தின் முடிவிலும் கால்கள் பட்டுப் பட்டு இந்தப் பரப்பு விலகிப் பள்ளமாகிவிடும் என்பதால், வாரந்தோறும் ஒரு கூட்டுமாறைக் கொண்டு அதை இழுத்துச் சமன் செய்வது, புதுக் கருவி வாங்குவதைவிட அதிகம் பயன் தரும் வேலை.

மண்ணையும் மரத்தையும் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் வேர்கள் ஆழமாகக் கீழே இறங்கியிருக்கின்றன என்பது பரவலான எண்ணம். உண்மையில் நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் மிகப் பெரும்பாலானவை மேல்மட்டத்து அரை மீட்டர் மண்ணுக்குள்ளேயே, கிளைகளின் பரப்பையும் தாண்டி வெளியே பரவியிருக்கின்றன. அந்த மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வெளிகளில் காற்றும் நீரும் இருப்பதால்தான் வேர் உயிர் வாழ்கிறது. பாரமான வண்டி ஒன்று ஈர மண்ணின் மீது ஒரே ஒரு முறை ஏறி இறங்கினால் போதும், அந்த வெளிகள் நசுங்கிவிடும். அதன் பிறகு மழைநீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுவிடாது. கொடுமை என்னவென்றால், மரம் அன்றைக்கே வாடாது. நான் பொறுப்பில் இருந்த ஒரு பூங்காவில், மேடைச் சாமான்களை இறக்க வந்த லாரியை மழை பெய்த மறுநாள் பெரிய மரம் ஒன்றின் அடி வரை வரவிட்டேன்; மாலைக்குள் மேடை எழ வேண்டும் என்ற அவசரம். மறுநாள் சக்கரத் தடங்களை மண் போட்டு மூடிவிட்டோம். எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்தேன். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்துக் கிளைகளின் நுனி காயத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு பாதி மரம் இலையின்றி நின்றது. மூன்றாம் ஆண்டு அதை வெட்ட வேண்டியதாயிற்று. அதன் நிழலில் நாள்தோறும் மாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த முதியவர்கள் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சில நாட்கள் அந்த வெட்டுக்கட்டையைச் சுற்றி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே மரத்தின் கிளைப்பரப்புக்குள் வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கடை எதுவும் வரக்கூடாது என்பதை முதல் விதியாக எழுதி வையுங்கள். கயிறு கட்டி எல்லை குறியுங்கள். வாய்ச்சொல்லுக்கு லாரி நிற்பதில்லை. மரத்தடியில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை இலைதழை மூடாக்கு இடுங்கள், ஆனால் அது அடிமரத்தைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும். மரத்தைச் சுற்றிக் குவித்து வைத்தால் பட்டை அழுகும். உதிர்ந்த இலைகளைக் குப்பையென்று அள்ளிக் கொளுத்துவதை நிறுத்திவிட்டு அவற்றையே மூடாக்காக்கினால், கொளுத்தும் புகையும் இல்லை, வாங்கும் செலவும் இல்லை.

புல்தரைக்கு நீர் எவ்வளவு என்பதை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். 1,000 சதுர மீட்டர் புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் நீர் வேண்டுமென்றால் வாரத்துக்கு 25,000 லிட்டர் ஆகிறது. இந்த எண்ணைக் குழுவின் முன் வைத்துவிட்டு, யாரும் கால் வைக்காத ஓரங்களிலும் சரிவுகளிலும் புல்லை வளர்க்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். அங்கெல்லாம் வறட்சி தாங்கும் உள்ளூர்ச் செடிகளும் புதர்களும் இருக்கலாம். மக்கள் உண்மையில் உட்காரும், ஓடும், விளையாடும் இடத்தில் மட்டும் நல்ல புல் இருக்கட்டும். அதையும் ஒரே வெட்டில் அதன் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். ஒட்ட வெட்டினால் வேரும் குறுகி, வெயிலில் முதலில் காய்வது அதுவாகவே இருக்கும்.

இனி நிகழ்ச்சிகள். பத்துப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றின் வகையைப் பற்றித்தான் கேட்பேன். பத்தும் மேடை, ஒலிபெருக்கி, ஆயிரம் பேர் என்று இருந்தால் பூங்காவும் தாங்காது, தன்னார்வலர்களும் தாங்க மாட்டார்கள். ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ பெரிய நாட்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சிறியதாக, அடிக்கடி, ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் நடப்பதாக மாற்றுங்கள். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் பதின்மூன்று பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடியதிலிருந்து தொடங்கிய பார்க்ரன், கட்டணம் இல்லாமல், தன்னார்வலர்களைக் கொண்டு, வாரந்தோறும் ஒரே நேரத்தில் நடக்கும் ஓட்டமாக இன்று பல நாடுகளில் நிலைத்திருக்கிறது. மேடை இல்லை, பந்தல் இல்லை. பூங்காவின் பாதைதான் அதன் கருவி. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்துவிடுகிறது. இப்போது அது நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வலைப்பின்னல். நகரியத்தின் உள்சாலை ஒன்றை வாரத்தில் ஒரு காலை நேரம் இப்படித் திறந்துவிட்டால், பூங்காவின் மீது விழும் சுமையே குறையும். காலைப் பயிற்சி, மரங்களை அறியும் நடை, கதை சொல்லும் மாலை, பழைய புத்தகப் பரிமாற்றம், சதுரங்க மேசைகள் போன்றவை இருபது முப்பது பேருக்கு நடந்தாலும், அந்த இருபது முப்பது பேர் அடுத்த வாரமும் வருவார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள். பெரிய விழாவுக்குத் தன்னார்வலர்கள் வேண்டியிருக்கும்போது முதலில் கை தூக்குபவர்கள் இவர்களாகவே இருப்பார்கள்.

ஆண்டு நாட்காட்டியை ஒரே அமர்வில், தோட்டப் பணியாளர்களையும் வைத்துக்கொண்டு தயாரியுங்கள். முதலில் பூங்காவின் ஓய்வு நாட்களைக் குறியுங்கள்: புல் நட்டு வேர் பிடிக்கும் காலம், மண் ஈரம் சுமந்திருக்கும் காலம், பறவைகள் கூடு கட்டும் காலம், தேர்வுக் காலம். மிஞ்சிய நாட்களில்தான் நிகழ்ச்சிகளை இட வேண்டும். ஒரே புல்தரையில் இரு பெரிய நிகழ்ச்சிகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் என்பது என் வழக்கம்; உங்கள் மண்ணைப் பார்த்து அதைக் கூட்டலாமே தவிரக் குறைக்க வேண்டாம். ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும், எந்தத் திசையை நோக்கி வைக்கப்படும் என்பதும் நாட்காட்டியிலேயே அச்சாகியிருக்கட்டும். அருகில் குடியிருப்பவர்களுக்கு உரிய மரியாதை, நிகழ்ச்சி நடக்கும் நாளை அவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் அறிந்திருப்பதுதான். அமைதியை விரும்பும் தரப்பினரின் கோபத்தில் பெரும்பகுதி, எதிர்பாராத நாளில் எதிர்பாராத நேரத்தில் ஓசை எழுவதால் வருவது. ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, சொன்ன நேரத்தில் நிறுத்தியும் காட்டினால் அவர்களில் பலர் விழாவுக்கே வருவார்கள்.

தனியார் பயன்பாட்டுக்கு இடம் கேட்பவர்களுக்கு எழுத்தில் விதி இருக்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை, எத்தனை நாளுக்கு முன் கேட்க வேண்டும், முன்வைப்புத் தொகை எவ்வளவு, எந்தச் சேதத்துக்கு அதிலிருந்து எவ்வளவு கழிக்கப்படும் என்பதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் இடத்தைப் புகைப்படம் எடுத்துவிட்டால் பேச்சு வளராது. குழு உறுப்பினரின் வீட்டு நிகழ்ச்சிக்கும் அதே விதிதான். இதில் ஒரு முறை தவறினாலும் அதன் பிறகு யாரிடமும் விதியைச் சொல்ல முடியாது.

பாதுகாப்பில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகிப்பதற்கு முன், எத்தனை பேர் வெளியேற முடியும் என்று கணக்கிடுங்கள். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியாக நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கொள்கிறது. 1,500 பேர் கூடும் இடத்தை எட்டு நிமிடத்தில் காலி செய்ய வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 188 பேர். அதற்குச் சுமார் 2.3 மீட்டர் அகலம் தேவை. உங்களிடம் 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு வாயில்கள் இருக்கின்றன என்றால் கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒன்றின் முன்னால் கடையும் மற்றதன் முன்னால் வண்டிகளும் நின்றால் இரண்டுமே இல்லை என்று பொருள். ஒரு வாயில் அடைபட்டாலும் மற்றவை போதுமா என்று பார்ப்பதே சரியான கணக்கு. ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் வழியை விழா முடியும் வரை ஒருவர் நின்று காக்க வேண்டும்.

குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாடும், காற்றடைத்த விளையாட்டுக் கூடங்களைப் பலரும் தீங்கற்றவை என்று கருதுகிறார்கள். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பள்ளியின் ஆண்டு இறுதிக் கொண்டாட்டத்தில், அத்தகைய கூடம் ஒன்று காற்றில் தூக்கி எறியப்பட்டதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு, மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றும், குறைந்தது ஆறு இடங்களில் நங்கூரமிட வேண்டும் என்றும் சொல்கிறது. காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்கக் கருவி இல்லாமலும், முளைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒருவர் இல்லாமலும் அதை வாடகைக்கு எடுக்காதீர்கள். இடிக்கு ஓர் எளிய விதி உண்டு. மின்னலைக் கண்டதற்கும் இடியைக் கேட்டதற்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த வெளியில் உள்ளவர்களை உடனே கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் தொடங்கலாம். மரத்தடியும் பந்தலும் தங்குமிடம் ஆகாது. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே ஒரே ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தாலும், அந்த ஒருவர் சொன்னால் நிறுத்த வேண்டும்.

தற்காலிக மின் இணைப்புகளில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கம்பிகள் ஈரத் தரையில் கிடக்கவே கூடாது. முதலுதவி, குடிநீர், கழிவறை ஆகியவற்றின் இடங்களை நுழைவாயிலிலேயே பெரிய எழுத்தில் காட்டுங்கள். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவைத் தாண்டக் கூடாது. கைப்பிடி உள்ள சில பெஞ்சுகள் இருந்தால்தான் முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து எழுந்திருக்க முடியும். இவையெல்லாம் சிறு செலவுகள்.

பணத்தை மூன்று பைகளில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றாடப் பராமரிப்பு, பழையதை மாற்றுவதற்கான சேமிப்பு, நிகழ்ச்சி. மூன்றாவது பையில் குறைந்தால் முதல் பையிலிருந்து எடுக்கக் கூடாது. இதில் நடுப் பைதான் எப்போதும் மறக்கப்படுகிறது. சறுக்கு மரமும் ஊஞ்சலும் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அவற்றின் இன்றைய விலையில் பதினைந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கி, விலையேற்றத்துக்குச் சற்றுக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்யாத இடங்களில், துருப்பிடித்த கருவிகளைக் கயிறு கட்டி மூடிவிட்டு யாராவது நன்கொடை தருவார்களா என்று காத்திருக்கிறார்கள்; அந்தக் காத்திருப்பில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் விளையாடும் வயதைக் கடந்துவிடுகிறார்கள். விளம்பரதாரர்களின் பணத்தை நிகழ்ச்சிக்கு வாங்கலாம். ஆனால் பெஞ்சிலும் மரத்திலும் நிரந்தரமாகப் பெயர்ப் பலகை மாட்டும் உரிமையை அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் மூன்று நாட்களுக்குள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் அந்தப் பூங்காவின் பணியாளரும் சேர்ந்து இடத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். என்ன சேதம், யார் சரி செய்வது, எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தத் தாள் வரும் வரை அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதி இல்லை என்பதை வழக்கமாக்கிவிட்டால் வேறு கண்டிப்பு எதுவும் தேவைப்படாது.

கடைசியாக உங்கள் ஆண்டு விழா. 2023 செப்டம்பரில், நான் மேலே சொன்ன அதே சென்ட்ரல் பார்க்கின் கிரேட் லான் புல்வெளியில், கனமழைக்கு நடுவே பெரிய இசை விழா ஒன்று நடந்தது. பார எந்திரங்களும் பல்லாயிரம் கால்களும் நனைந்த மண்ணில் இறங்கியதில் புல்வெளியின் மூன்றில் ஒரு பகுதி அழிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அதை மூடி வைக்க நேர்ந்தது. அத்தனை பணமும் பணியாளர்களும் உள்ள பூங்காவுக்கே ஆறு மாதங்களுக்கு மேல் ஆனது. உங்கள் புல்தரை வழக்கமான நாளில் வரும் நடையாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் அவ்வளவு காலம் இல்லாமல் போவதை நான் ஏற்க மாட்டேன். இந்த ஆண்டு விழாவை விளையாட்டுத்திடலுக்கு மாற்றுங்கள். கடைகளைச் சாலையோரத்தில் வரிசையாக வையுங்கள். பழக்கப்பட்ட இடத்தை விட்டுப் போவதில் பலருக்கு வருத்தம் இருக்கும் என்பதால், விழாவின் தொடக்கமாகக் குழந்தைகளின் ஊர்வலம் மட்டும் புல்தரையைச் சுற்றியுள்ள நடைபாதை வழியாக வரட்டும். புல்தரைதான் வேண்டுமென்று குழு முடிவெடுத்தால், தேதியை மண் காயும் வரை தள்ளுங்கள். காய்ந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு: ஒரு கைப்பிடி மண்ணை ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்து உருண்டையாகப் பிடித்துப் பாருங்கள். விரலால் தொட்டவுடன் உதிர்ந்தால் நடத்தலாம். உருண்டையாகவே நின்றால், மேடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரி புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்துத் தேதியை மாற்றிவிடுங்கள்.